அந்தமானில் இருந்து ஒரு குரல்

வீட்டில் இன்டர்நெட் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வீர்கள்? முதலில் மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்வீர்கள். அதற்கும் மசியவில்லை என்றால் செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கம்ப்யூட்டரை இணைப்பீர்கள். செல்போனிலும் சிக்னல் இல்லை என்றால் பக்கத்து வீட்டில் போய்க் கேட்பீர்கள். அங்கேயும் இல்லை. கரண்ட்டும் இல்லை. ஊருக்கு வெளியே போகலாம் என்றால் நான்கு பக்கமும் கடல். இனி என்ன செய்வீர்கள்?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை அந்தமான் நிகோபார் தீவுகளில் இருந்தவர்களின் நிலைமை இதுதான். அன்று அங்கே ஒரு சிறு குழு, பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன சில ரேடியோ பெட்டிகளுடன் தற்செயலாகத் தங்கியிருந்தது. அந்தக் குழுவைப் பற்றியும், அவர்களைப் போலத் தீவு தீவாகப் போய் ஆன்டெனா கட்டுகிறவர்களைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஏழு வயது. ராஜபாளையத்தில் எங்கள் எதிர் வீட்டு அத்தையின் மூத்த மகன் போர்ட் பிளேரில் பெயின்டிங் வேலைக்குப் போயிருந்தார். டிவியில் நாகப்பட்டினத்தையும் கடலூரையும் காட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்தமானைக் காட்டவில்லை. அத்தை தெருமுனை எஸ்.டி.டி. பூத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். பூத்காரர் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நம்பரைச் சுழற்றுவார். லைன் கிடைக்கவில்லை என்று பதிவு செய்த பெண் குரல் சொல்லும். அன்றும் அப்படித்தான், மறுநாளும் அப்படித்தான். ஆறாம் நாள் அந்த அண்ணனே போன் செய்து, தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னார். அந்த ஆறு நாட்களும் அத்தை வீட்டில் சரியாக அடுப்பு எரியவில்லை. இன்று தகவல் தொடர்புத் துறையில் சம்பளம் வாங்குகிற எனக்கு, "நெட்வொர்க் டவுன்" என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அந்தப் பூத்தில் இருந்த ஸ்டூல்தான் நினைவுக்கு வருகிறது.

ஹாம் ரேடியோ என்றால் என்ன?

நாம் வீட்டில் வைத்திருக்கும் ரேடியோவில் கேட்க மட்டுமே முடியும். கேட்கவும் பேசவும் முடிகிற ரேடியோவை, அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் வாங்கி, லாப நோக்கம் இல்லாமல் பயன்படுத்துவதற்குப் பெயர் அமெச்சூர் ரேடியோ. செல்லமாக ஹாம் ரேடியோ. இதில் ஈடுபடுகிறவர்களும் ஹாம் என்றே அழைக்கப்படுகிறார்கள். மறைந்த பிரதமர் ராஜீவ் காந்தி ஒரு ஹாம். அவருடைய அழைப்புக் குறி வி.யூ.2 ஆர்.ஜி.

அழைப்புக் குறி என்பது உங்கள் இ-மெயில் முகவரி போன்றது. உலகத்தில் ஒருவருக்கு இருப்பது இன்னொருவருக்கு இருக்காது. அதன் முன்பகுதியைப் பார்த்தாலே எந்த நாடு என்று சொல்லிவிடலாம். வி.யூ.2, வி.யூ.3 என்று தொடங்கினால் இந்தியா. வி.யூ.4 என்றால் அந்தமான் நிகோபார். வி.யூ.7 என்றால் லட்சத்தீவுகள். ஒரே நாடுதானே, தீவுகளுக்கு ஏன் தனிக் குறி என்று கேட்கலாம். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

தீவுகளைத் தேடிப் போகிறவர்கள்

சிறு வயதில் தபால் தலை சேர்த்திருப்பீர்கள். ஹாம்கள் நாடுகளைச் சேர்க்கிறார்கள். அமெரிக்க ஹாம்களின் சங்கம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இன்று 340 இடங்கள் உள்ளன. நாடுகள் மட்டும் அல்ல, தாய்நாட்டில் இருந்து வெகுதூரம் தள்ளி இருக்கும் தீவுகளும் தனித்தனி இடங்களாகவே கணக்கு. அவற்றில் நூறு இடங்களுடன் பேசியதற்கு ஆதாரம் காட்டினால் சான்றிதழ் தருவார்கள். நூறைத் தொட்டவருக்கு இருநூறு மேல் ஆசை வரும். முந்நூறைத் தாண்டியவருக்குத் தூக்கம் போய்விடும். ஏனென்றால் மிச்சம் இருப்பவை எல்லாம் ஆளே இல்லாத தீவுகள்.

ஆள் இல்லாத இடத்தில் இருந்து யார் பேசுவது? அதற்காகவே ஹாம்கள் கூட்டாகச் சேர்ந்து, படகு பிடித்து, கூடாரம், ஜெனரேட்டர், ஆன்டெனாக் கம்பம், டின் உணவு எல்லாம் ஏற்றிக்கொண்டு போய் ஒன்றிரண்டு வாரம் தங்கிப் பேசிவிட்டு வருவார்கள். தென் அட்லான்டிக் கடலில் பனி மூடிய பூவே என்ற தீவு இருக்கிறது. 2023 பிப்ரவரியில் அங்கே போன குழுவால் படகைக் கரையில் ஒட்டவே முடியவில்லை. அலை அப்படி அடித்தது. பெட்டிகளைக் கயிறு கட்டிக் கடல் நீரில் இழுத்துக் கரை சேர்த்தார்கள். திட்டமிட்டதில் ஒரு பகுதிச் சாமான்தான் கரைக்குப் போயிற்று. தென் சீனக் கடலில் ஸ்கார்பரோ என்று ஒரு பவளப் பாறைத் திட்டு உண்டு. கடல் ஏறினால் தலை நீட்டுவது சில பாறைகள் மட்டுமே. 2007-இல் அங்கே போனவர்கள் ஒவ்வொரு பாறைக்கும் மேல் மரத்தில் பரண் போல ஒன்றைக் கட்டி, அதில் நாற்காலியையும் ரேடியோவையும் வைத்துக்கொண்டு பேசினார்கள். வெயில், உப்புக்காற்று, கீழே தண்ணீர். என்னைக் கேட்டால், விவரமான மனிதர்கள் செய்கிற வேலை இல்லை. ஆனால் கேட்கக் கேட்க ஆசையாக இருக்கிறது.

தீவில் இருந்து ஒருவர் வாயைத் திறந்ததும் உலகம் முழுவதும் இருந்து நூற்றுக்கணக்கானோர் ஒரே சமயத்தில் தங்கள் அழைப்புக் குறியைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் அன்று ரத வீதியில் நிற்கிறவர்கள் எல்லோரும் உங்கள் பெயரைச் சொல்லி அழைத்தால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கும். அந்த இரைச்சலில் இருந்து ஒரே ஒரு குரலைப் பிரித்து, அதன் குறியைச் சரியாக எழுதி, "உங்கள் குரல் நன்றாகக் கேட்கிறது" என்று ஒரு வரி சொல்லி, அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். ஒரு உரையாடலுக்கு ஆகும் நேரம் பத்து அல்லது பதினைந்து விநாடி. இதை நாள் முழுவதும் செய்ய வேண்டும். நலமா, மழை உண்டா என்ற விசாரிப்பு எதுவும் கிடையாது.

வெளியில் இருந்து பார்த்தால் வெட்டி வேலை போலத் தெரியும். அந்தப் பயிற்சி எதற்கு உதவியது என்று பாருங்கள்.

பதினேழு ஆண்டு மௌனம்

பாதுகாப்புக் காரணங்களால் அந்தமானில் ஹாம் ரேடியோவுக்கு எளிதில் அனுமதி கிடைப்பதில்லை. 1987-க்குப் பிறகு அங்கிருந்து ஹாம் குரல் எதுவும் கேட்கவில்லை. அதனால் உலகத்தின் ஹாம்கள் அதிகம் ஏங்கிய இடங்களில் ஒன்றாக வி.யூ.4 ஆகிவிட்டது. டெல்லியில் வசிக்கும் பாரதி பிரசாத் என்ற பெண்மணி விடாமல் முயன்று இந்த அனுமதியைப் பெற்றார். அவருடைய அழைப்புக் குறி வி.யூ.2 ஆர்.பி.ஐ. ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் சார்பில் அவர் தலைமையில் ஒரு குழு 2004 டிசம்பரில் போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்தது. (அந்த நகரத்தின் பெயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது.)

நகரத்தில் இருந்த ஓட்டல் ஒன்றில் நிலையம் அமைத்தார்கள். வி.யூ.4 ஆர்.பி.ஐ. என்ற குறியில் ஒலிபரப்பு தொடங்கியதும் பதினேழு ஆண்டுகளாகக் காத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள். அந்த டிசம்பரில் ஆயிரக்கணக்கான உரையாடல்கள் லாக் புத்தகத்தில் ஏறின.

அந்தக் காலை

டிசம்பர் 26 அன்று இந்திய நேரம் காலை 6.29 மணிக்கு, இந்தோனேசியாவின் சுமத்ரா தீவின் மேற்குக் கரையை ஒட்டிக் கடலுக்கு அடியில் பூமி பிளந்தது. ரிக்டர் என்று நாம் பொதுவாகச் சொல்லும் கணக்கில் 9.1. பிளவு ஓரிடத்தில் நிற்காமல் வடக்கு நோக்கி நிகோபார், அந்தமான் வரை ஓடியது. அதனால் அந்தத் தீவுகளுக்கு நிலநடுக்கமும் பக்கத்திலேயே, அலையும் பக்கத்திலேயே. தமிழ்நாட்டுக் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கார் நிகோபாருக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

அந்தமானில் சூரியன் நம் ஊரை விடச் சீக்கிரம் எழும். பாரதி பிரசாத் அதிகாலையிலேயே ரேடியோ முன் உட்கார்ந்து வெளிநாட்டு ஹாம்களுடன் பேசிக்கொண்டிருந்தார். கட்டடம் ஆடத் தொடங்கியது. நிலநடுக்கம் என்று காற்றில் சொல்லிவிட்டு வெளியே ஓடினார். ரேடியோ நின்றுபோனது. எதிர்முனையில் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு வெறும் இரைச்சல்தான் மிஞ்சியது.

சில மணி நேரத்தில் அதே குரல் மீண்டும் கேட்டது. அதன் பிறகு நாடு சேர்க்கும் விளையாட்டு இல்லை. கூப்பிட்டுக்கொண்டிருந்த உலக ஹாம்கள் அலைவரிசையை விட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். அந்தமான் நிலையம் செய்தி அனுப்பும் நிலையம் ஆகிவிட்டது.

என்ன செய்தி? பெரும்பாலும் நம் எதிர் வீட்டு அத்தைக்குத் தேவைப்பட்ட செய்திதான். இன்னார், இந்த ஊர், இங்கே பத்திரமாக இருக்கிறார், இந்த நம்பருக்குச் சொல்லவும். அவ்வளவுதான். பெருநிலத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் ஹாம் அதைத் தாளில் எழுதிக்கொள்வார். எழுதியதை அப்படியே திருப்பிப் படித்துக் காட்டுவார். அந்தமான் முனையில் சரி என்ற பிறகே அடுத்த செய்தி. பிறகு அவர் தன் வீட்டுத் தொலைபேசியில் அந்தக் குடும்பத்தை அழைத்துச் சொல்வார். எதிர்த்திசையிலும் இப்படியே. என் மகன் அங்கே இருக்கிறான், விசாரித்துச் சொல்லுங்கள் என்று கேள்விகள் போகும்.

இதில் ஒரு எழுத்துத் தவறினாலும் வேறு வீட்டுக்குத் தவறான செய்தி போய்ச் சேரும். உயிரோடு இருப்பவர் பற்றிய செய்தி என்பதால் அந்தத் தவறு சாதாரணத் தவறு இல்லை. இரைச்சலுக்கு நடுவே ஒரு குறியைப் பிரித்து எழுதும் பயிற்சியைச் சொன்னேன் அல்லவா? மூன்று வாரமாக அதையே செய்துகொண்டிருந்தவர்கள் அந்த நேரத்தில் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

போர்ட் பிளேரை விடக் கார் நிகோபார் நிலைமை மோசம். போர்ட் பிளேருக்குத் தெற்கே சுமார் 280 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தட்டையான தீவு அது. அங்கிருந்த விமானப்படைத் தளத்தையே அலை சிதைத்துவிட்டது. குழுவைச் சேர்ந்தவர்கள் ரேடியோவையும் ஆன்டெனாவையும் எடுத்துக்கொண்டு அங்கே போனார்கள். கார் நிகோபார், போர்ட் பிளேர், பெருநிலம் என்று ஒரு சங்கிலி உருவாயிற்று. ஊருக்குத் திரும்பலாம் என்ற வாய்ப்பு இருந்தும் பாரதி பிரசாத் உடனே கிளம்பவில்லை.

எங்கள் எதிர் வீட்டு அண்ணனின் செய்தி இந்த வழியாக வரவில்லை. தொலைபேசி சரியான பிறகுதான் அவர் பேசினார். எல்லோருடைய செய்தியையும் ஒன்றிரண்டு ரேடியோக்களால் அனுப்பிவிட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அன்று அது ஒற்றையடிப் பாதை. சாலை போன பிறகு ஒற்றையடிப் பாதைக்குத்தான் மதிப்பு.

அந்த ரேடியோ மட்டும் எப்படி வேலை செய்தது?

நம் செல்போனில் நாம் பேசுவது பக்கத்துத் தெரு டவருடன். டவர் எக்ஸ்சேஞ்சுடன் பேசும். எக்ஸ்சேஞ்ச் கண்ணாடி இழைக் கேபிள் வழியாகவோ சாட்டிலைட் வழியாகவோ இன்னொரு எக்ஸ்சேஞ்சுடன் பேசும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் கதை முடிந்தது. 2004-இல் அந்தமானுக்குக் கடலடிக் கேபிளே கிடையாது. சென்னையில் இருந்து போர்ட் பிளேருக்குக் கேபிள் இணைப்பு 2020 ஆகஸ்டில்தான் தொடங்கி வைக்கப்பட்டது.

ஹாம் ரேடியோவில் நடுவில் யாரும் இல்லை. ஒரு ஆன்டெனாவில் இருந்து கிளம்பும் அலை நேராக இன்னொரு ஆன்டெனாவுக்குப் போகிறது. பூமி உருண்டை ஆயிற்றே, ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி எப்படி நேராகப் போகும் என்று கேட்பீர்கள். தரைக்கு மேல் சுமார் 250 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற காற்று அடுக்கு ஒன்று இருக்கிறது. அதற்கு அயனி மண்டலம் என்று பெயர். சிற்றலை வரிசை அலைகளை இது கண்ணாடி போலத் திருப்பி அனுப்பிவிடும். சுவரில் பந்தை அடித்துத் திரும்பப் பிடிப்பது போல, வானத்தில் அடித்து எதிர்முனையில் பிடிக்கிறோம். ராஜபாளையத்தில் இருந்து போர்ட் பிளேர் நேர்க்கோட்டில் சுமார் 1,680 கிலோமீட்டர். பகலில் 14 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு இது ஒரே ஒரு தாவல். இருட்டிய பிறகு இந்த அடுக்கு பலவீனமாகிவிடும். அப்போது 7 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுவார்கள். போர்ட் பிளேருக்கும் கார் நிகோபாருக்கும் இடையே உள்ளது போன்ற நடுத்தரத் தூரத்துக்கும் 7 மெகாஹெர்ட்ஸே தோது.

இதற்குத் தேவையான சாமான் எவ்வளவு தெரியுமா? 14 மெகாஹெர்ட்ஸுக்கு நடுவில் வெட்டி இணைத்த சுமார் 10 மீட்டர் ஒயர் போதும். அதுதான் ஆன்டெனா. கட்டுவதற்கு இரண்டு தென்னை மரம். 100 வாட் ரேடியோ, பேசும்போது 12 வோல்ட் பேட்டரியில் இருந்து சுமார் 20 ஆம்பியர் இழுக்கும். கேட்கும்போது ஒன்றிரண்டு ஆம்பியர்தான். பெரும்பாலான நேரம் கேட்பதில்தான் போகும் என்பதால், வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கிற மாதிரி ஒரு பேட்டரி இருந்தால் ஒரு பகல் ஓட்டிவிடலாம். பேட்டரியைக் கார் என்ஜினிலேயே மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டர்? அவசரக் காலத்தில் முதலில் அணைக்கப்படும் சாமான் அதுதான். லேப்டாப் ஒன்று ரேடியோ சும்மா கேட்டுக்கொண்டிருப்பதை விட அதிகக் கரண்ட் சாப்பிடும். நோட்டும் பென்சிலும் கரண்ட் கேட்காது. கம்ப்யூட்டர் பத்திரிகையில் இதை எழுதுவது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மொட்டை மாடியில்

அவசரம் இல்லாத நாட்களில் நிலைமை தலைகீழ். இன்றைய ஹாம் நிலையத்தில் பாதி வேலையைக் கம்ப்யூட்டர்தான் செய்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் நண்பர் ஒருவர் ஹாம். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஒரு மாலை அவர் வீட்டு மொட்டை மாடிக்குப் போனேன். ஒரு பக்கம் ஆண்டாள் கோயில் கோபுரம். மேற்கே மதில் போல மேற்குத் தொடர்ச்சி மலை. தண்ணீர்த் தொட்டிக் கம்பியில் இருந்து தென்னை மரம் வரை ஒரு ஒயர். நான் துணி காயப்போடும் கொடி என்றுதான் முதலில் நினைத்தேன்.

"கையடக்க வாக்கிடாக்கி இருந்தா ராஜபாளையம் வரைக்கும் பேசலாம். கேரளாப் பக்கம் நேரா பேச முடியாது, மலை மறைச்சிரும். இந்த ஒயருக்கு மலை ஒரு பொருட்டே இல்ல. வானத்துல அடிச்சுத் தாண்டிப் போயிரும்," என்றார். பிறகு லேப்டாப்பைத் திறந்தார்.

திரையில் நீலமும் மஞ்சளுமாக அருவி போல ஒரு படம் கீழே வழிந்துகொண்டிருந்தது. அந்த சாஃப்ட்வேரின் பெயர் டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸ். இதை எழுதியவர்களில் முதன்மையானவர் ஜோ டெய்லர். 1993-இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானி. அவரும் ஒரு ஹாம். 2017-இல் எஃப்.டி.8 என்ற முறையை அவரும் ஸ்டீவ் ஃபிராங்க் என்பவரும் உருவாக்கினார்கள். ரேடியோவில் இருந்து வரும் சத்தத்தை ஒரு ஒயர் மூலம் கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டுக்குக் கொடுக்க வேண்டும். நம் காதுக்கு வெறும் இரைச்சலாகக் கேட்கும் ஒலியில் புதைந்திருக்கும் எட்டு மெல்லிய சுருதிகளை சாஃப்ட்வேர் கண்டுபிடித்து எழுத்தாக மாற்றிவிடுகிறது. சினிமாப் பாட்டு கேட்கத்தான் சவுண்ட் கார்டு என்று நினைத்திருந்தால், அது இந்த வேலையும் செய்யும்.

நண்பர் திரையைக் காட்டினார். ஜப்பான் ஒன்று, இந்தோனேசியா மூன்று, ரஷ்யா, இத்தாலி என்று வரி வரியாக வந்துகொண்டிருந்தது. எனக்கும் ஆசை வந்து, என் லேப்டாப்பில் அதே சாஃப்ட்வேரை டவுன்லோட் செய்து இணைத்துப் பார்த்தேன். அருவி வழிந்தது. ஆனால் ஒரு வரிகூட எழுத்தாகவில்லை. அரை மணி நேரம் ஒயரைக் கழற்றி மாட்டினேன். டிரைவரைத் திரும்ப இன்ஸ்டால் செய்தேன். கடைசியில் நண்பர் எட்டிப் பார்த்துவிட்டு, "கடிகாரத்தைப் பாருங்க," என்றார்.

என் லேப்டாப் கடிகாரம் நான்கு விநாடி பின்னால் இருந்தது. எஃப்.டி.8 முறையில் ஒவ்வொருவரும் சரியாகப் பதினைந்து விநாடிக்கு ஒரு முறை மாறி மாறி அனுப்ப வேண்டும். கடிகாரம் ஒன்றிரண்டு விநாடி தவறினாலே ஒன்றும் புரியாது. சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் எனக்கு இது தெரியாமல் போனதில் கொஞ்சம் வெட்கம்தான். நீங்களும் உங்கள் கம்ப்யூட்டரில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் செட்டிங்ஸ் திறந்து, டைம் அண்ட் லாங்குவேஜ், அதில் டேட் அண்ட் டைம் போங்கள். சிங்க் நவ் என்ற பட்டனை அழுத்தினால் போதும். இன்டர்நெட் இருக்க வேண்டும்.

தீவுக்குப் போகும் குழுக்களும் இப்போது இந்த முறையைப் பெரிதும் பயன்படுத்துகின்றன. பேச்சுக்கு எட்டாத பலவீனமான சிக்னலும் இதில் எட்டிவிடுகிறது. குரலில் பேசினால்தான் பேச்சு, இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்வதில் என்ன சுகம் என்று குறைப்படும் பழைய ஹாம்களும் உண்டு. அந்த மாடியில் இரண்டையும் கேட்ட பிறகு நானும் குரல் கட்சியில் சேர்ந்துவிட்டேன். எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் இருமுவதுகூடக் கேட்கிறது.

தீவுப் பயணங்களில் கம்ப்யூட்டருக்கு இன்னொரு பெரிய வேலை லாக் எழுதுவது. யாருடன், எத்தனை மணிக்கு, எந்த அலைவரிசையில் என்று ஒவ்வொரு உரையாடலும் பதிவாக வேண்டும். ஒருவர் இரண்டாம் முறை வந்தால் சாஃப்ட்வேர் உடனே எச்சரிக்கும். லட்சக்கணக்கில் செலவு செய்து, கடல் தாண்டிப் போய், திரும்பி வரும்போது கையில் இருப்பது அந்த ஒரு ஃபைல்தான். அதனால் தினமும் அதை பென் டிரைவ்களில் காப்பி எடுத்து வேறு வேறு ஆட்களின் பையில் வைப்பார்கள். நம் கம்ப்யூட்டரில் இருக்கும் குழந்தையின் போட்டோக்களுக்கு நாம் எத்தனை காப்பி வைத்திருக்கிறோம்?

உங்கள் கம்ப்யூட்டரில் கேட்க

ரேடியோ வாங்காமலே ஹாம்களின் பேச்சைக் கேட்கலாம். நெதர்லாந்தில் உள்ள ட்வென்டே பல்கலைக்கழகத்தில் ஒரு ரேடியோவை இன்டர்நெட்டில் திறந்து வைத்திருக்கிறார்கள். கூகுளில் ட்வென்டே, வெப் எஸ்.டி.ஆர் என்று தேடினால் முதலில் வரும். காசு கிடையாது. எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. பிரவுசரிலேயே இயங்கும். பக்கம் திறந்ததும் ஒலியைத் தொடங்கும் பட்டனை ஒரு முறை கிளிக் செய்யுங்கள். இல்லையென்றால் சத்தம் வராது.

அலைவரிசைக் கட்டத்தில் 14195 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். தீவுப் பயணக் குழுக்கள் குரலில் பேச வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் இடம் இதன் சுற்றுவட்டாரம். பக்கத்தில் யூ.எஸ்.பி. என்ற பட்டனை அழுத்துங்கள். இது பென் டிரைவ் செருகும் யூ.எஸ்.பி. அல்ல, ரேடியோவில் ஒருவகை ஒலிபரப்பு முறையின் சுருக்கம். 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்பதானால் எல்.எஸ்.பி. என்ற பட்டன். குரல் வாத்து கத்துவது போலக் கேட்டால் பயப்பட வேண்டாம். மவுஸால் அலைவரிசையை மெல்ல இப்படி அப்படி நகர்த்தினால் மனிதக் குரல் ஆகிவிடும். நம் ஊர் நேரம் மதியத்தில் இருந்து இரவு ஒன்பது மணி வரை முயலுங்கள். ஐரோப்பாவில் அப்போது பகல்.

நினைவில் வையுங்கள், நீங்கள் கேட்பது நெதர்லாந்து ஆன்டெனாவுக்கு எட்டும் குரல்களை. நம் மாடிக்கு எட்டுபவை வேறு. அதைக் கேட்க மாடியில் ஒயர் கட்டத்தான் வேண்டும்.

பேச ஆசை வந்தால் உரிமம் அவசியம். உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது சட்டப்படி குற்றம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் கீழ் உள்ள வயர்லெஸ் பிளானிங் அண்ட் கோஆர்டினேஷன் பிரிவு இதற்கான தேர்வை நடத்துகிறது. அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளும்தான் பாடம். பள்ளியில் பிசிக்ஸ் ஒழுங்காகப் படித்த மாணவர் சில மாதம் முயன்றால் எழுதிவிடலாம். நான் விண்ணப்பத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்தமான் மறுபடி மௌனமாகிவிடவில்லை. 2006 ஏப்ரலில் வெளிநாட்டு ஹாம்களும் கலந்துகொண்ட ஹாம் விழா ஒன்று போர்ட் பிளேரில் நடந்தது. 2007 ஜனவரியில் லட்சத்தீவுகளில் இருந்து வி.யூ.7 ஆர்.ஜி. என்ற குறியில் ஒரு பெரிய குழு பேசியது. 2005 மே மாதம் இஸ்ரோ ஹாம்களுக்கென்றே ஹாம்சாட் என்ற சிறு சாட்டிலைட்டை ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து அனுப்பியது. அது 2014 வரை உழைத்தது.

தீவு என்றால் கடலுக்கு நடுவே இருப்பது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் ஊருக்குத் தெற்கே திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சுமார் 800 பேருடன் நின்றுவிட்டது. சுற்றிலும் தண்ணீர். பல இடங்களில் செல்போன் டவர்கள் செத்துவிட்டன. நான் பெங்களூரில் இருந்துகொண்டு தூத்துக்குடியில் இருக்கும் சித்திக்கு இரண்டு நாள் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று பதிவு செய்த பெண் குரல் சொன்னது. இருபது வருடத்தில் குரல் மட்டும் மாறியிருந்தது.

மூன்றாம் நாள் சித்தி பேசினார். நலமாக இருந்தார். அதற்கு அடுத்த வாரம்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பரிடம் விண்ணப்பப் படிவம் கேட்டேன்.